சூடான பாறைக்குள் நீரோட்டம்: மேம்படுத்தப்பட்ட புவிவெப்ப அமைப்புகளின் திறனும் பாதுகாப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவிவெப்ப ஆற்றலைப் பற்றிய பேச்சு எழும் இடங்களிலெல்லாம் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுவதைக் கேட்டு வருகிறேன். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவற்றை நோக்கி வரிசைப்படுத்தியிருக்கிறேன். முன்பே தந்த விடை மீண்டும் தேவைப்படும் இடங்களில் அதன் எண்ணை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

1. மேம்படுத்தப்பட்ட புவிவெப்ப அமைப்பு என்றால் என்ன? வழக்கமான புவிவெப்ப மின்நிலையத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வழக்கமான புவிவெப்ப மின்நிலையம் அமைய வேண்டுமானால் வெப்பம், நீர், அந்த நீர் ஓடுவதற்கான இடைவெளிகள் ஆகிய மூன்றும் இயற்கையாகவே ஓரிடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். இத்தாலியின் லார்தெரெல்லோ, கலிபோர்னியாவின் கெய்சர்ஸ், ஐஸ்லாந்தின் எரிமலைப் பகுதிகள் போன்ற சில இடங்களுக்கே அந்த வாய்ப்பு உண்டு. மற்ற இடங்களில் ஆழத்தில் வெப்பம் இருக்கும். ஆனால் பாறை இறுகியும் உலர்ந்தும் கிடக்கும்.

அத்தகைய பாறையில் கிணறு தோண்டி, உயர் அழுத்தத்தில் நீரைச் செலுத்தி, பழைய விரிசல்களைத் திறந்தோ புதியவற்றை உண்டாக்கியோ நீர் ஓடும் வழியை மனிதரே அமைப்பதுதான் மேம்படுத்தப்பட்ட புவிவெப்ப அமைப்பு. உட்செலுத்து கிணற்றில் இறங்கும் குளிர்ந்த நீர் விரிசல்களின் ஊடே ஓடிச் சூடேறி, உற்பத்திக் கிணற்றின் வழியாக மேலே வருகிறது. அதன் வெப்பத்தை மின்நிலையம் எடுத்துக்கொண்டபின் அதே நீர் மீண்டும் கீழே அனுப்பப்படுகிறது.

2. ஆழமாகத் தோண்டினால் எங்கும் வெப்பம் கிடைக்கும் என்கிறார்கள். அப்படியானால் எங்கே வேண்டுமானாலும் அமைக்கலாம்தானே?

கொள்கையளவில் ஆம், செலவளவில் இல்லை. கண்டங்களின் பெரும்பகுதியில் ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெப்பநிலை கூடுகிறது. ஆகவே 200 டிகிரியை எட்ட 6 அல்லது 7 கிலோமீட்டர் துளையிட வேண்டும். ஆழம் கூடக் கூடத் துளையிடும் செலவு அதைவிட வேகமாகக் கூடுகிறது; இத்தகைய திட்டங்களின் செலவில் பெரும்பங்கு கிணறுகளுக்கே போகிறது. புவியின் மேலோடு மெலிந்த பகுதிகள், அண்மைக் கால எரிமலைப் பகுதிகள், கதிரியக்கத் தனிமங்கள் மிகுந்த கிரானைட்டின்மேல் வெப்பத்தைக் கடத்தாத படிவுப் பாறைகள் போர்வையாகக் கிடக்கும் பகுதிகள் ஆகியவற்றில் அதே வெப்பம் 3 அல்லது 4 கிலோமீட்டரிலேயே கிடைத்துவிடும்.

வெப்பம் மட்டும் பார்த்து இடம் தேர்வது போதாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அருகில் பெரிய நிலப்பிளவு (இரு பக்கப் பாறைகளும் நழுவக்கூடிய முறிவு) இருக்கிறதா, பாறை எந்தத் திசையில் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது என்பவை வெப்பநிலைக்கு ஈடான முக்கியத்துவம் உடையவை. காரணம் 10, 11 ஆகிய விடைகளில் வரும்.

3. ஐம்பது ஆண்டுகளாகச் சோதிக்கிறார்களாமே, ஏன் இன்னும் பரவவில்லை?

வெப்பம் கிடைக்காமல் போனதால் அன்று. போதுமான நீரோட்டம் கிடைக்காமல் போனதால். 1970-களில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகம் நியூ மெக்சிகோவின் ஃபென்டன் ஹில்லில் முதல் முயற்சியைத் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டத்தில் இரு கிணறுகளையும் முதலில் தோண்டிவிட்டுப் பின்னர் விரிசலை உண்டாக்கினார்கள். விரிசல்கள் எதிர்பார்த்த திசையில் செல்லவில்லை, கிணறுகள் இணையவில்லை. நுண் நிலநடுக்கங்கள் பதிவான இடத்தைப் பார்த்து ஒரு கிணற்றைத் திசைமாற்றித் தோண்டிய பிறகே நீர் சுழன்றது.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் ரோஸ்மனோவெஸ், பிரான்சில் சூல்ட்ஸ்-சூ-ஃபோரே, ஆஸ்திரேலியாவில் கூப்பர் படுகை என்று அடுத்தடுத்து நடந்த முயற்சிகள் ஒவ்வொன்றும் ஒரு பாடத்தைத் தந்தன. சூல்ட்ஸில் 5 கிலோமீட்டர் ஆழக் கிணறுகளிலிருந்து சிறிய அளவில் மின்சாரம் உற்பத்தியானது. கூப்பர் படுகையில் 2013-இல் 1 மெகாவாட் சோதனை நிலையம் இயங்கியது. ஆனால் நகரங்களிலிருந்து வெகுதொலைவில் இருந்த அந்தத் திட்டம் வணிகமாக நிலைக்கவில்லை.

4. ஒரு ஜோடிக் கிணறுகளிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம்?

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 80 கிலோ நீர் 200 டிகிரியில் மேலே வந்து, 70 டிகிரியில் திரும்பிச் செல்கிறது என்று கொள்வோம். அது தரும் வெப்பம் ஏறத்தாழ 44 மெகாவாட். இந்த வெப்பநிலையில் அந்த வெப்பத்தில் சுமார் 12 அல்லது 13 விழுக்காடுதான் மின்சாரமாகும். அதாவது 5 முதல் 6 மெகாவாட்.

இதிலிருந்து நீரைச் செலுத்தும் பம்புகளின் செலவைக் கழிக்க வேண்டும். நீரைப் பாறைக்குள் தள்ள 100 பார் அழுத்தம் (வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 100 மடங்கு) தேவைப்பட்டால் பம்புகளே ஏறக்குறைய 1 மெகாவாட்டை எடுத்துக்கொள்ளும். 200 பார் தேவைப்பட்டால் இரு மடங்கு. எனவே ஒரு திட்டம் அறிவிக்கும் மெகாவாட் எண்ணிக்கையைப் பார்க்கும்போது அது பம்புச் செலவு போக மிஞ்சியதா என்று கேட்பது நல்லது. குறைந்த அழுத்தத்தில் நிறைய நீரை ஓடச் செய்வதே திறனை உயர்த்துவதன் சாரம்.

5. அப்படியானால் விரிசலை எவ்வளவு அகலமாகத் திறக்கிறோமோ அவ்வளவு நல்லதுதானே?

மிகப் பலர் கேட்கும் கேள்வி இது. இதற்கான விடையில்தான் இந்தத் துறையின் இடர்ப்பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. இரு சமதளப் பரப்புகளுக்கு இடையே ஓடும் நீரின் அளவு, இடைவெளியின் முப்படிக்கு ஏற்ப மாறுகிறது. இடைவெளி இருமடங்கானால், அதே அழுத்தத்தில் எட்டு மடங்கு நீர் ஓடும். பத்து விரிசல்கள் இருந்து, அவற்றில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இருமடங்கு அகலமாக இருந்தால், மொத்த நீரில் ஏறத்தாழப் பாதி அந்த ஒன்றின் வழியாகவே போய்விடும்.

அந்த ஒரு விரிசலைச் சுற்றியுள்ள பாறை விரைவில் குளிர்ந்துவிடும். மற்ற ஒன்பது விரிசல்களைச் சுற்றிய பாறை சூடாகவே இருக்கும், ஆனால் அங்கே போதிய நீர் செல்லாது. குளிர்ந்த பாறை சுருங்குவதால் அந்த விரிசல் இன்னும் அகலமாகி, இன்னும் அதிக நீரை இழுக்கும். இதைக் குறுக்குவழி ஓட்டம் என்று சொல்லலாம். ரோஸ்மனோவெஸில் விரிசல் மூடாதிருக்க மணலைச் செலுத்தியபோது பம்பு அழுத்தமும் நீரிழப்பும் குறைந்தன. ஆனால் குறுக்குவழி ஓட்டம் மோசமாயிற்று. ஆகவே தேடப்படுவது அகலமான விரிசல் அன்று. ஏறத்தாழ ஒரே அளவில் நீரைப் பகிர்ந்துகொள்ளும் பல விரிசல்கள்.

6. அத்தகைய பல விரிசல்களை எப்படி உண்டாக்குவது?

பழைய முறையில் கிணற்றின் அடிப்பகுதி முழுவதையும் திறந்து வைத்து ஒரே தடவையில் நீரைச் செலுத்தினார்கள். அப்போது மிக எளிதில் திறக்கும் விரிசல் முதலில் திறந்துகொண்டு நீர் முழுவதையும் விழுங்கிவிடும். இன்றைய முறையில் கிணறு சாய்வாகவோ கிடைமட்டமாகவோ பாறைக்குள் நீட்டிக்கப்பட்டு, கிணற்றுச் சுவரைத் தாங்கும் எஃகுக் குழாய் (கேசிங் குழாய்) இறக்கப்பட்டு, சிமென்ட் இடப்படுகிறது. பின்னர் அந்த நீளம் பல பகுதிகளாக அடைத்துப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியாகத் துளையிட்டு நீர் செலுத்தப்படுகிறது. எண்ணெய், எரிவாயுத் தொழிலில் வளர்ந்த நுட்பம் இது. ஆனால் கடினமான, சூடான கிரானைட்டுக்கு ஏற்ப அதை மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மில்ஃபோர்டுக்கு அருகே எரிசக்தித் துறையின் நிதியில் நடக்கும் ஃபோர்ஜ் ஆய்வுத் தளத்தில் செங்குத்திலிருந்து 65 டிகிரி சாய்ந்த கிணறு ஒன்று 2020-21-இல் தோண்டப்பட்டது. அதற்கு இணையாக, ஏறத்தாழ 100 மீட்டர் இடைவெளியில், 2023-இல் இரண்டாம் கிணறு தோண்டப்பட்டது. 2024-இல் இரண்டுக்கும் இடையே நீர் சுழற்றிக் காட்டப்பட்டது. ஃபெர்வோ என்ற புவிவெப்ப நிறுவனம் அமெரிக்காவின் நெவாடாவில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கிடைமட்டமாகச் சென்ற கிணறுகளைக் கொண்டு 2023-இல் 30 நாள் சோதனை நடத்தி, நொடிக்கு 63 லிட்டர் வரை நீரோட்டத்தையும், 3.5 மெகாவாட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தையும் அறிவித்தது. செயற்கை வைரத் துண்டுகள் பதித்த துளையிடும் முனைகள் கிரானைட்டிலும் வேகமாக இறங்கியதும் இந்த முன்னேற்றத்தில் ஒரு பெரும்பங்கு.

7. நீர் ஓடிக்கொண்டே இருந்தால் பாறை ஒரு நாள் குளிர்ந்துவிடாதா? இதைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்பது சரியா?

குளிரும். ஒரு கன கிலோமீட்டர் கிரானைட்டை 10 டிகிரி குளிர்வித்தால் கிடைக்கும் வெப்பம், 20 ஆண்டுகளுக்குத் தொடர்ந்து 33 மெகாவாட் வெப்பம் தருவதற்குச் சமம். பெரிய சேமிப்புதான். ஆனால் கீழிருந்து அதை நிரப்ப வரும் இயற்கை வெப்பம், கண்டங்களில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 65 கிலோவாட் மட்டுமே. எடுப்பது வருவதைவிடப் பல நூறு மடங்கு அதிகம். எனவே ஒரு தளத்தின் அளவில் பார்த்தால் இது சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பதே. சில பத்தாண்டுகள் பயன்படுத்திவிட்டு, நெடுங்காலம் ஓய்வு கொடுத்தால் வெப்பம் மீளும். புவி முழுவதையும் கணக்கில் கொண்டால் அந்தச் சேமிப்பு தீராதது என்பதால் புதுப்பிக்கத்தக்கது என்ற வகையில் அதைச் சேர்க்கிறார்கள்.

ஒரு தளம் எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதை விரிசல்களின் இடைவெளி முடிவு செய்கிறது. பாறைக்குள் வெப்பம் மெதுவாகவே நகர்கிறது: ஓர் ஆண்டில் ஏறத்தாழ 5 அல்லது 6 மீட்டர், பத்தாண்டில் சுமார் 18 மீட்டர். விரிசல்கள் 200 மீட்டர் தள்ளித் தள்ளி இருந்தால் நடுவிலுள்ள பாறையின் வெப்பம் மின்நிலையத்தின் ஆயுளுக்குள் வெளியே வராது. மிக நெருங்கி இருந்தால் அருகருகே உள்ள விரிசல்கள் ஒரே வெப்பத்துக்குப் போட்டியிடும். சில பத்து மீட்டர் இடைவெளியில் பல விரிசல்கள் என்ற ஏற்பாடு இந்தக் கணக்கிலிருந்து வருகிறது.

8. இவ்வளவு நீரை எங்கிருந்து கொண்டுவருவது?

முதலில் விரிசல்களை உண்டாக்கவும் நிரப்பவும் ஆயிரக்கணக்கான கன மீட்டர் நீர் தேவை. அதன்பின் அதே நீரே சுழல்கிறது. பாறைக்குள் கசிந்துபோகும் பங்கை மட்டும் ஈடுசெய்ய வேண்டும். அந்தக் கசிவு தளத்துக்குத் தளம் பெரிதும் வேறுபடுகிறது. செலுத்தும் அழுத்தம் கூடினால் கசிவும் கூடும். குடிநீருக்கு ஏற்றதல்லாத உவர் நீரையோ, சுத்திகரித்த கழிவு நீரையோ பயன்படுத்தலாம். கெய்சர்ஸ் புலத்தில் அருகிலுள்ள ஊர்களின் சுத்திகரித்த கழிவு நீர் பல ஆண்டுகளாகச் செலுத்தப்படுகிறது.

9. பல கிலோமீட்டர் ஆழத்தில் நீர் எங்கே போகிறது என்று எப்படி அறிகிறார்கள்?

மூன்று வகையான சான்றுகளை ஒன்றுசேர்த்து அறிகிறார்கள். முதலாவது, விரிசல் திறக்கும்போது எழும் நுண் நிலநடுக்கங்கள். கிணறுகளிலும் நிலப்பரப்பிலும் வைத்த ஜியோஃபோன்கள் (நில அதிர்வை உணரும் கருவிகள்) அவற்றின் இருப்பிடத்தைக் குறித்துத் தருகின்றன. இரண்டாவது, தடங்காட்டிப் பொருள்கள். ஒரு கிணற்றில் கலந்த பொருள் மற்றொன்றில் எத்தனை மணி நேரத்தில், எந்த அளவில் வருகிறது என்பதைப் பார்த்து நீர் தொட்டுச் சென்ற பரப்பையும் குறுக்குவழி இருப்பதையும் கணிக்கலாம். மூன்றாவது, கேசிங் குழாயின் வெளியே பொருத்தப்படும் ஒளியிழை. கிணற்றின் நீளம் முழுவதும் வெப்பநிலையையும் அதிர்வையும் மீட்டர் மீட்டராக அது சொல்லும்.

சாதாரண மின்னணுக் கருவிகள் 175 டிகிரிக்கு மேல் நெடுநேரம் தாங்குவதில்லை என்பது இதில் ஒரு தடை. வெப்பம் தாங்கும் அளவீட்டுக் கருவிகளுக்குச் செய்யும் செலவு வீண் அன்று என்பதே என் உறுதியான கருத்து. உற்பத்தியைக் கூட்ட உதவும் அதே தரவுதான் ஆபத்தையும் முன்கூட்டிக் காட்டுகிறது.

10. இது நிலநடுக்கத்தை உண்டாக்குமா, உண்டாக்காதா? நேரான விடை வேண்டும்.

உண்டாக்கும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை மனிதரால் உணர முடியாத அளவுக்குச் சிறியவை. ஆழத்துப் பாறைகள் ஏற்கெனவே புவியின் விசைகளால் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கத் துடித்துக்கொண்டிருக்கின்றன. மேலுள்ள பாறையின் எடையும் உராய்வும் அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. விரிசலுக்குள் நீரின் அழுத்தம் கூடும்போது அந்தப் பிடி தளர்ந்து, இரு பக்கங்களும் சில மில்லிமீட்டர் அளவோ அதற்கும் குறைவாகவோ நழுவுகின்றன. சொரசொரப்பான அந்தப் பரப்புகள் நழுவிய பிறகு பழையபடி பொருந்துவதில்லை. இடையே வெளி உண்டாகிறது. நீர் ஓடுவதற்கு நமக்கு வேண்டியது அந்த வெளிதான்.

திறனைத் தரும் நிகழ்வும் ஆபத்தைத் தரும் நிகழ்வும் ஒன்றே என்பதால் நிலநடுக்கமே இல்லாமல் செய்வோம் என்று யாரேனும் உறுதியளித்தால் அதை ஏற்க வேண்டாம். நழுவும் பரப்பு சிறிதாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதே செய்யக்கூடியது. 6-ஆம் விடையில் சொன்ன பகுதி பகுதியாகச் செலுத்தும் முறை இங்கேயும் உதவுகிறது: ஒவ்வொரு தடவையும் சிறிதளவு நீர் செல்வதால் அழுத்தம் ஓரிடத்தில் வெகுதூரம் பரவுவதில்லை.

11. பாசெல், போஹாங் இரண்டிலும் உண்மையில் என்ன நடந்தது?

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்குள்ளேயே 5 கிலோமீட்டர் ஆழக் கிணறு தோண்டப்பட்டு, 2006 டிசம்பர் தொடக்கத்தில் ஆறு நாட்களில் ஏறத்தாழ 11,500 கன மீட்டர் நீர் செலுத்தப்பட்டது. அதிர்வுகள் கூடியதால் டிசம்பர் 8 அன்று செலுத்துவதை நிறுத்தினார்கள். நிறுத்திய சில மணி நேரத்தில் 3.4 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. உயிரிழப்பு இல்லை, சுவர் விரிசல் போன்ற சேதங்களுக்கு இழப்பீடு கோரிக்கைகள் குவிந்தன. 1356-இல் பெரும் நிலநடுக்கத்தைக் கண்ட நகரம் அது. இடர் மதிப்பீட்டுக்குப் பிறகு 2009-இல் திட்டம் கைவிடப்பட்டது.

தென் கொரியாவின் போஹாங் இதைவிட மிகக் கடுமையானது. 2017 நவம்பர் 15 அன்று 5.5 அளவிலான நிலநடுக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்; 1,700-க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அரசு அமைத்த ஆய்வுக் குழு, நீர் செலுத்தியதே நிலப்பிளவைத் தூண்டியது என்று 2019 மார்ச்சில் முடிவு கூறியது. கிணற்றைத் தோண்டும்போது சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் துளையிடும்போது கிணற்றுக்குள் செலுத்தும் சேறு பெருமளவு பாறைக்குள் மறைந்தது. 2017 ஏப்ரலில் 3.2 அளவிலான நிலநடுக்கம் வந்தது. பின்னர் கணக்கிட்டுப் பார்த்தபோது நுண் நிலநடுக்கங்கள் ஒரே சமதளப் பரப்பில் வரிசையாக அமைந்திருந்ததும் தெரிந்தது. மூன்றும் அங்கே ஒரு நிலப்பிளவு இருப்பதைச் சுட்டின. அவற்றை உரிய நேரத்தில் சேர்த்துப் படித்திருந்தால் மக்கள் இந்த இழப்பிலிருந்து தப்பியிருக்க வாய்ப்பு இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

12. போக்குவரத்து விளக்கு முறை இருக்கும்போது ஏன் பயப்பட வேண்டும்?

நிலநடுக்கத்தின் அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் மஞ்சள், அதாவது செலுத்தும் வேகத்தைக் குறை; அடுத்த வரம்பைத் தாண்டினால் சிவப்பு, அதாவது நிறுத்து. எளிய, பயனுள்ள முறை. ஆனால் பாசெலிலும் இந்த முறை இருந்தது. பம்பை நிறுத்திய கணத்தில் பாறைக்குள் இருக்கும் அழுத்தம் மறைந்துவிடுவதில்லை. அது தொடர்ந்து வெளிநோக்கிப் பரவுகிறது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு அருகே வெண்டன்ஹைமில் 2020 டிசம்பரில் பணி நிறுத்தப்பட்ட பிறகும், 2021 ஜூனில் 3.9 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆகவே சிவப்பு வரம்பை, தாங்கக்கூடிய உச்ச அளவுக்கு மிகவும் கீழே வைக்க வேண்டும்.

இந்த முறை நன்றாக வேலை செய்ததற்கும் சான்று உண்டு. பின்லாந்தில் ஹெல்சிங்கிக்கு அருகே எஸ்போவில் 2018-இல் 6.1 கிலோமீட்டர் ஆழத்தில் 49 நாட்களில் 18,000 கன மீட்டருக்கு மேல் நீர் செலுத்தப்பட்டது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 2.1, வந்த மிகப் பெரிய நிலநடுக்கம் 1.9. உடனுக்குடன் கிடைத்த நிலநடுக்கத் தரவைப் பார்த்துச் செலுத்தும் வேகத்தை மாற்றி, இடையிடையே ஓய்வு விட்டதே அதற்கு உதவியது. நிலையான வரம்புகளை மட்டும் நம்பாமல், அதிர்வுகளின் போக்கைக் கணித்து முன்கூட்டியே வேகத்தை மாற்றும் முறைகளை நோக்கித் துறை நகர்ந்துகொண்டிருக்கிறது.

13. நீரின் அளவைக் குறைத்தால் பெரிய நிலநடுக்கம் வராது என்று உறுதியாகச் சொல்லலாமா?

செலுத்திய நீரின் கன அளவுக்கும் வரக்கூடிய உச்ச நிலநடுக்கத்துக்கும் ஒரு வரம்புத் தொடர்பு உண்டு என்று 2014-இல் நிலநடுக்க ஆய்வாளர் ஆர்தர் மெக்கார் முன்வைத்தார். பல தளங்களுக்கு அது பொருந்தியது. போஹாங்குக்குப் பொருந்தவில்லை, அங்கே வெளிப்பட்ட நிலநடுக்கத் திருப்புத்திறன் (நழுவிய பரப்பையும் நழுவிய தூரத்தையும் சேர்த்துக் காட்டும் அளவு) அந்தக் கணக்கு தரும் எல்லையைப் போலப் பல நூறு மடங்கு. நீர் தொட்ட பகுதியில் தொடங்கிய நழுவல், ஏற்கெனவே உடையும் நிலையில் இருந்த பிளவின் வழியே நீர் எட்டாத இடங்களுக்கும் தானாகப் பரவியதே காரணம். எனவே குறைந்த நீர் நல்லதுதான்; அருகில் உடையும் நிலையிலுள்ள பெரிய பிளவு இருந்தால் அது மட்டும் காப்பாற்றாது.

14. சிறு நிலநடுக்கங்கள் வந்துகொண்டே இருந்தால் பெரியது வராமல் தடுக்கப்படும் என்கிறார்களே?

எண்கள் இதை ஏற்கவில்லை. அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். இரண்டு கூடினால் ஏறத்தாழ 1,000 மடங்கு. 5.5 அளவிலான ஒரு நிலநடுக்கத்தின் ஆற்றலைக் கரைக்க 3.5 அளவில் ஆயிரம் நிலநடுக்கங்கள் தேவை; எந்த ஊரும் அதைப் பொறுக்காது.

15. நிலத்தடி நீர் மாசுபடுமா? கிணறு உடைந்தால் என்ன ஆகும்?

நீர் சுழலும் பாறை, குடிநீர் தரும் அடுக்குகளுக்குப் பல கிலோமீட்டர் கீழே இருக்கிறது. விரிசல்கள் அங்கிருந்து மேலே எட்டுவது ஏறக்குறைய நடவாதது. உண்மையான பலவீனம் கிணறே. சூடாகவும் குளிராகவும் மாறி மாறி இயங்கும்போது எஃகுக் குழாய் நீளவும் சுருங்கவும் முயல்கிறது; சிமென்ட் அதை இறுகப் பிடித்திருப்பதால் குழாயில் பெரும் அமுக்கவிசையும் இழுவிசையும் மாறி மாறி ஏறுகின்றன. கூப்பர் படுகையின் ஹபனேரோ 3 கிணற்றில் 2009-இல் கேசிங் குழாய் உடைந்து திட்டமே பின்தங்கியது. முழு நீளமும் இடைவெளியற்ற சிமென்ட், வெப்பத்தைத் தாங்கும் இணைப்புகள், கிணற்றை அடிக்கடி நிறுத்தித் தொடங்காமல் சீராக இயக்குவது ஆகியவை இதற்கான தற்காப்பு.

படிவுச் சிக்கலும் இதனுடன் சேர்ந்தது. சூடான நீரில் கரைந்துவரும் சிலிக்கா நீர் குளிரும்போது படிகிறது. அழுத்தம் குறையும் இடத்தில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் படிகிறது. ஆகவே நீரை எவ்வளவு குளிர்விக்கலாம் என்பதற்கே ஓர் எல்லை உண்டு. 4-ஆம் விடையில் 70 டிகிரியில் நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

16. இயங்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டால் ஆபத்து முடிந்துவிட்டது என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. விரிசல்களை உண்டாக்கும் கட்டத்தில் அழுத்தம் உச்சத்தில் இருப்பதால் எல்லாருடைய கவனமும் அங்கேயே குவிகிறது. ஆனால் நீண்டகாலச் சுழற்சியில் வேறொரு காரணம் மெல்ல வலுப்பெறுகிறது: குளிர்ந்த பாறை சுருங்கி, அருகிலுள்ள பாறையின் இறுக்கத்தை மாற்றுகிறது. கெய்சர்ஸ் புலத்தில் சூடான பாறையில் குளிர்ந்த நீர் செல்வதால் ஏற்படும் சுருக்கமே அங்குள்ள சிறு நிலநடுக்கங்களுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. குளிர்ந்த பகுதி ஆண்டுதோறும் விரிவதால், தொடக்கத்தில் தொலைவில் இருந்த பிளவு ஒன்று பத்தாவது ஆண்டில் அதன் தாக்கத்துக்குள் வரலாம்.

செலுத்தும் நீரையும் எடுக்கும் நீரையும் சமமாக வைத்திருந்தால் பாறையில் அழுத்தம் தேங்குவது பெருமளவு தவிர்க்கப்படும். பம்புச் செலவும் குறையும். நிலநடுக்கமானி வலையை மின்நிலையத்தின் ஆயுள் முழுவதும் இயக்கவும், கிணறுகளை மூடிய பின்னரும் சில ஆண்டுகள் விட்டுவைக்கவும், அதன் தரவைச் சுற்றியிருக்கும் மக்கள் உடனுக்குடன் பார்க்கும்படி வெளியிடவும் அனுமதி ஆவணத்திலேயே நிபந்தனை விதிக்க வேண்டும். துளையிடுவதற்கு முன்பே, குறைந்தது சில மாதங்களுக்கு, அந்த இடத்தின் இயற்கையான அதிர்வுகளைப் பதிவு செய்து வைத்திருந்தால்தான் பிற்காலத்தில் வரும் அதிர்வு எதனால் வந்தது என்பதைப் பிரித்தறிய முடியும்.